‘இயம்’ என்னும் ஈறும் ஹீலியத்தின் பெயரும்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம். சோடியம், கால்சியம், ரேடியம் என்று பள்ளிப் பருவம் முதல் நாம் சொல்லிவரும் பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘இயம்’ வெறும் ஓசை நிரப்பி அன்று. இப்பொருள் ஓர் உலோகம் என்று பெயரிட்டவர் அளித்த சான்று அது.

இலத்தீனில் பொன் ‘ஔரும்’, இரும்பு ‘ஃபெரும்’, வெள்ளி ‘அர்கெந்தும்’. பழைய உலோகப் பெயர்கள் ‘உம்’ என்று முடிந்ததால், பின்வந்த வேதியியலார் புதிய உலோகங்களுக்கு ‘இயும்’ என்ற இலத்தீன் ஈற்றைச் சேர்த்தனர். 1807ஆம் ஆண்டில் ஆங்கில வேதியியலார் ஹம்ஃப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷ் என்னும் காரப்பொருளில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுத்த பொருளோ நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. இதை உலோகம் எனலாமா என்ற ஐயம் எழுந்தபோதும், பளபளப்பையும் மின்கடத்தும் திறனையும் கொண்டு அதை உலோகமே எனத் துணிந்த டேவி, பொட்டாசியம் என்று பெயரிட்டார். தமிழில் அந்த ஈறு ‘இயம்’ என்று அலுங்காமல் அமர்ந்துவிட்டது. மரத்தின், குளத்தின் என்பதுபோலவே சோடியத்தின் என்று சாரியை பெற்று வேற்றுமை ஏற்கிறது.

சான்று தவறிப்போன இடம் ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சான் சூரிய விளிம்பின் பிழம்புகளை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்கியர், அப்பிழம்புகளின் நிறமாலையிலுள்ள மஞ்சள் கோடு சோடியத்தின் இரட்டைக் கோடுகளோடு பொருந்தாமல் சற்றே விலகி நிற்பதைக் கண்டார். சோடியக் கோடுகள் 589 நானோமீட்டரை ஒட்டி இருக்க, இது 587.6இல் இருந்தது. இக்கோடு அறியப்படாத உலோகம் ஒன்றுக்குரியது என்று கருதி, கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ‘இயம்’ சேர்க்கப்பட்டது. 1895இல் வேதியியலார் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து அதைப் பிரித்தபோது, அது எதனோடும் எளிதில் சேராத மந்த வாயு என்று தெரிந்தது. அதன் உறவினங்களான ஆர்கான், நியான், கிரிப்டான் எல்லாம் ‘ஆன்’ என்று முடிய, ஹீலியம் மட்டும் உலோகத்தின் ஈற்றோடு நிற்கிறது.

2016இல் பெயர் பெற்ற ஒகனெசன் என்னும் தனிமம், மந்த வாயுக்களின் தொகுதிக்குரிய ஈற்றையே (ஆங்கில எழுத்தில் ‘on’) பெற்றது. ஹீலியத்தையும் அவ்வாறே ‘ஹீலியான்’ என்று திருத்தலாமே எனத் தோன்றும். அந்தப் பெயரையோ இயற்பியலார் ஹீலியம்-3இன் அணுக்கருவுக்குச் சூட்டிவிட்டனர்.