துடைத்து வைத்த முகங்கள்: ஒரு வட்டை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

வணக்கம். இன்று அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். பின்னால் திரையில் ஓடுவது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "புதிதாக ஒரு பழைய படத்தின் ப்ளூ-ரே வட்டு வாங்கினேன். மணல் தூவியது போல இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?" தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்த மணல்தான் படம்.

ஃபிலிமில் எடுத்த படத்தில் கோடும் நிழலும் வண்ணமும் நுண்ணிய துகள்களால் ஆனவை. ஒளி பட்டு மாறிய வெள்ளி உப்பு மணிகள்தான் அவற்றுக்கு மூலம். இதைத்தான் கிரெயின் என்கிறோம். ஃபிரேமுக்கு ஃபிரேம், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துண்டுக்கும், துகள்கள் இடம் மாறி அமைவதால், படம் ஓடும்போது பரப்பு முழுவதும் மெல்லக் கொதிப்பது போலத் தெரியும். கண் அதற்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

இது பிடிக்காதவர்களுக்காக ஒரு மென்பொருளை ஓட்டித் துடைக்கிறார்கள். அது அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாததையெல்லாம் அழுக்கு என்று முடிவுகட்டும். பறக்கும் அம்பும் அப்படித்தானே, ஒரு ஃபிரேமில் இருந்த இடத்தில் அடுத்ததில் இருக்காது! 2009-இல் வந்த 'கிளாடியேட்டர்' ப்ளூ-ரேயில், தொடக்கப் போர்க்களத்தில் தீ அம்புகள் சில பாதி வழியிலேயே காணாமல் போயின. அடுத்த ஆண்டு திருத்திய பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது.

இப்போது திரையைப் பாருங்கள். இது 'பிரிடேட்டர்' படத்தின் 2010 ப்ளூ-ரே. காட்டுக்குள் வியர்த்து வழியும் மனிதர்களின் கதை. அர்னால்டின் கன்னத்தில் நிறுத்துகிறேன். தோலின் துளை தெரிகிறதா? மெழுகில் வார்த்தது போல வழவழவென்று இருக்கிறது. அதே இடம், 2008 பதிப்பில். கிரெயின் நிறைய இருக்கிறது, படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இது மனிதத் தோல். 2018-இல் வந்த 4கே வட்டில் (ப்ளூ-ரேயைவிட நுணுக்கமான பதிப்பு) கிரெயின் திரும்பி வந்துவிட்டது. முதலில் பார்க்கிறவர்கள் 2010 பதிப்பைத்தான் 'பளிச்சென்று இருக்கிறது' என்பார்கள். எனக்கு அந்தப் பளிச்சைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒளிப்பதிவாளர் பிடித்து வைத்ததை அழித்துவிட்டுத் தருகிற பளிச்சு அது.

ஆகவே முகத்தைப் பாருங்கள். தலைமுடி இழை இழையாகப் பிரிகிறதா, பருத்திச் சேலையில் நெசவு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இருட்டான சுவர். அங்கே கட்டம் கட்டமாக நெளிந்தால் அது கிரெயின் அல்ல, இடப் பற்றாக்குறை. இரட்டை அடுக்கு டிவிடியில் இருப்பதே 8.5 ஜிபிதான். அதில் மூன்று படங்களைத் திணித்தால் முதலில் நசுங்குவது இருட்டுக் காட்சிகள். இன்னொன்று: வட்டைக் குறை சொல்லும் முன் உங்கள் டிவியை 'சினிமா' அமைப்புக்கு மாற்றி, ஷார்ப்னஸைக் குறைத்துவிடுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒலிக்கு வருகிறேன். மோனோ, அதாவது ஒரே ஒலித்தடத்தில் வந்த ஒரு படத்தின் உறையில், சுற்றிலும் ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் '5.1' என்று பெரிதாகப் போட்டிருந்தால் நான் மகிழ்வதில்லை. மூல மோனோ ஒலியும் உள்ளே இருக்கிறதா என்று தேடுகிறேன். பழைய ஒலித்தடத்தில் உஸ்ஸென்ற இரைச்சல் இருக்கும். அதை வெட்டுகிறவர்கள் கை தவறினால், பாடகர் அடியெடுக்கும் முன் இழுக்கிற மூச்சும் சேர்ந்து போய்விடும். அந்த மூச்சுக்காகவே காதைத் தீட்டிக் கேளுங்கள்.

சுருதியையும் சோதிக்கலாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், நம் டிவி முறை 25. அந்த முறையில் தயாராகும் டிவிடிகளில் 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவது வழக்கம். படம் 4 விழுக்காடு வேகமாகும். சுருதியைத் தனியே திருத்தாவிட்டால் குரலும் ஏறும். என்னிடம் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் டிவிடியை ஓடவிட்டு, பக்கத்தில் ஆர்மோனியத்தை வைத்தேன். அம்மாவுக்குப் பழகிய பாட்டு, ஒரு கட்டைச் சுருதியில் உள்ளது (ஆர்மோனியத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்). இப்போது ஒரு கட்டையிலும் சேரவில்லை, ஒன்றரைக் கட்டையிலும் சேரவில்லை, நடுவில் தொங்குகிறது. அம்மா இரண்டே வரியில் நிறுத்திவிட்டு, "இது அவர் குரலே இல்லையடா" என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்.

ஆர்மோனியம் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, அதில் நிறுத்துங்கள். நீளம் மீட்டரில் இருக்கும். 35 மிமீ ஃபிலிம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.43 மீட்டர் ஓடும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். வட்டு 144 நிமிடம் காட்டினால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். 130 காட்டினால் ஏதோ ஒரு பாட்டையோ காட்சியையோ வெட்டியிருக்கிறார்கள். மிகப் பழைய சான்றிதழ்களில் அடிக்கணக்கு இருக்கும், அதை 90-ஆல் வகுத்தால் போதும்.

உங்கள் அலமாரியில் உள்ள ஒரு வட்டுக்காவது இந்தக் கணக்கைப் போட்டு, படத்தின் பெயர், சான்றிதழ் நீளம், வட்டு காட்டும் நிமிடம் மூன்றையும் கீழே எழுதுங்கள். குறைகிற படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது காணாமல் போயிருக்கிறது என்று அடுத்த வாரம் தேடலாம்.