கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊரா, துபாயா? ‘துபாயே’ அணியின் பேச்சு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

“கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் குடும்பங்களுக்கு நிறைவு தருவது ஊருக்குப் போவதா, துபாயிலேயே இருப்பதா?” இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஊருக்காகப் பேசினார். பேசும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் டிசம்பர் டிக்கெட் விலையைப் பார்க்கும்போது எப்படியும் அழத்தான் போகிறோம், கண்ணீரை அதற்கு மிச்சம் வைக்கலாம் என்று துடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அண்ணன் வேதத்திலிருந்தே ஒரு ஆதாரம் காட்டினார். யோசேப்பே குடிமதிப்பு எழுதச் சொந்த ஊரான பெத்லகேமுக்குத்தானே போனார், முதல் கிறிஸ்துமஸே சொந்த ஊரில்தானே என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, போனார். போன இடத்தில் என்ன கிடைத்தது ஐயா? சொந்த ஊர், தாவீது வம்சம், எத்தனை சித்தப்பா பெரியப்பா இருந்திருப்பார்கள்! நிறைமாதப் பெண்ணோடு வந்தவருக்கு ஒரு திண்ணைகூடக் கிடைக்கவில்லையே. மாட்டுத் தொழுவம்தான் கிடைத்தது. அங்கிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். ஏரோது சாகும்வரை அந்தக் குடும்பமும் நம்மைப் போல வெளிநாட்டில்தான் இருந்தது. அண்ணன் பெத்லகேமோடு புத்தகத்தை மூடிவிட்டார், அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாம்.

இப்போது நம் பெத்லகேமுக்கு வருவோம். எனக்கு அம்மா வீடு தூத்துக்குடி, மாமியார் வீடு நாகர்கோவில். இருபத்திநாலாம் தேதி ராத்திரி ஆராதனை மாமியார் சபையில். இருபத்தைந்து மத்தியானம் அங்கே பிரியாணி. சாயங்காலம் அம்மா போன் பண்ணி, “எப்பம்மா வருவ, பிள்ளைகளைக் கண்ணில் காட்டவே மாட்டியா” என்பார்கள். இருபத்தாறு காலையில் காரில் தூத்துக்குடி. அங்கே போய்ச் சேர்வதற்குள் சின்ன நாத்தனார் மறுபடி போன், “அண்ணி, நாளைக்கு எங்க வீட்டுல சாப்பாடு.” முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி யார் சபையில் உட்காருவது என்பதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து. கடைசியில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதுதான் நானும் என் வீட்டுக்காரரும் முதல்முறையாக நிதானமாகப் பேசுகிறோம். அதுவும் எந்தப் பெட்டியில் முந்திரிக் கொத்து இருக்கிறது என்று.

முந்திரிக் கொத்து என்றதும் அக்கா ஒருத்தர் சிரிக்கிறார்கள். அதையும் பேசுவோம். ஊரில் அது எப்படி வருகிறது? அத்தை ஒரு தூக்குவாளி நிறையக் கொடுப்பார்கள், நாம் சாப்பிடுவோம். அவ்வளவுதான். இங்கே? டிசம்பர் 2, 3 தேசிய தின விடுமுறை வருகிறது. நாடே கொடி கட்டிக் கொண்டாடுகிறது. அந்த இரண்டு நாளில்தான் பாதித் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பரணிலிருந்து நட்சத்திரம் இறங்குகிறது, பால்கனியில் ஒயர் தேடுகிறோம், சிறுபயறு வறுபடுகிறது. வறுத்த பயறைத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, பாகு ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். மாவில் மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி எண்ணெயில் விட்டால் மூன்றும் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும். பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை.

அச்சு முறுக்குக்கு அச்சைப் பிடிப்பது என் வீட்டுக்காரர். இதை நன்றாகக் கவனியுங்கள் நடுவர் ஐயா. நாகர்கோவிலில் அவர் மகன், அடுப்படிப் பக்கம் வந்தால் மாமியார் விரட்டுவார்கள். தூத்துக்குடியில் அவர் மாப்பிள்ளை, நாற்காலியை விட்டு எழுந்தாலே எங்கள் அம்மா பதறுவார்கள். அவர் அப்பாவாக, வீட்டு ஆளாக, கையில் மாவோடு நிற்பது இந்தக் கராமா பிளாட்டில்தான். என் மகன் அதைப் பார்க்கிறான். ஊரில் இருந்தால் அதே நேரத்தில் அவன் சித்தப்பா மகனோடு ஒரே போனில் தலையை விட்டுக்கொண்டிருப்பான்.

ஊரில் நாம் விருந்தாளிகள், உண்மை அதுதான். குடிலை யாரோ கட்டி வைத்திருப்பார்கள், கேக்கை யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். ஞாயிறு பள்ளி நாடகத்தில் எல்லா வேஷமும் நவம்பரிலேயே முடிந்திருக்கும். “துபாய்ல இருந்து வந்த பிள்ளைக்கும் ஏதாவது கொடுங்க” என்று போதகரின் மனைவி, நம் ஐயரம்மா, சொன்னால், கடைசி வரிசை தேவதூதன், வசனம் கிடையாது. இங்கே அதே பிள்ளை மேய்ப்பன், அல்லது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரி. ஒட்டகத்தைக் கிட்டே போய்ப் பார்த்த சாஸ்திரி ஐயா!

அடுத்து, தாத்தா பாட்டி. எதிரணியில் உருக்கமாகப் பேசியது இதைப் பற்றித்தான், அதில் நியாயமும் இருக்கிறது. வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் டிசம்பரில்தான் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு வருஷம் முடித்தவருக்கு வருஷ லீவு 30 நாள். நம் பிள்ளைகளின் பள்ளி ஜூலையிலும் ஆகஸ்டிலும் மூடிவிடுகிறது. அப்போது இங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும், ஏசியை விட்டு வெளியே வர முடியாது. அதே நேரத்தில் நம் ஊர்ப்பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, சாரல், குற்றாலத்தில் சீசன். கூட்டம் இல்லாத வீட்டில் தாத்தாவோடு பிள்ளைகள் வாரக்கணக்கில் இருக்கலாம். பண்டிகைக்குப் போனால் தாத்தாவைச் சுற்றி நாற்பது பேர், அவருக்கு எந்தப் பேரன் யார் பிள்ளை என்றே குழப்பம்.

டிசம்பரில் அவர்களை இங்கே அழைத்து வரலாமே. துபாயில் வயதானவர்கள் சாயங்காலம் காலாற நடக்கிற மாதிரி காற்று வருவது இந்த மாதங்களில்தான். விசிட் விசா எடுத்துக் கூட்டி வந்தால் மகன் எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறான், மகள் எந்த மெட்ரோவில் போகிறாள் என்று கண்ணால் பார்ப்பார்கள். என் மாமனார் இங்கே வந்தபோது கோபுரத்தையோ மாலையோ பார்த்து வாயைப் பிளக்கவில்லை. ஊத் மேத்தாவில் கிறிஸ்தவக் கோயில்கள் இருக்கும் வளாகத்தில் நின்றுதான் பிளந்தார்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில், அப்போதைய துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில், 1967-இல் கத்தோலிக்கர்களின் புனித மரியாள் தேவாலயம் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே ஆங்கிலிக்கன் ஹோலி டிரினிட்டி. ஒரே மதில் ஓரமாகத் தமிழ், மலையாளம், கொங்கணி, தகாலோக், அரபி. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்பது நாள் திருப்பலி உண்டு. சிம்பாங் காபி என்பார்கள். அவர்கள் ஊரில் விடியலுக்கு முன்னால், இங்கே வேலைக்குப் போக வேண்டுமே என்று மாலையில். என் மகளின் வகுப்பில் ஒரு எகிப்துப் பையன், காப்டிக் சபைக்காரன். அவனுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. யோசேப்பு ஓடிப்போன அதே எகிப்து! அதனால் என் மகளுக்கு இரண்டு தடவை கேக். நம் ஊரில் பக்கத்துத் தெரு ஆர்.சி. கத்தோலிக்கக் கோயிலுக்குள் போகாமலேயே வளர்ந்த சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், போதகர் ஐயர் பார்க்கிறார்.

இங்கே தெருவில் கீத பவனி கிடையாதே, கிறிஸ்துமஸ் அன்று ஆபீஸ் உண்டே என்று இரண்டாவதாகப் பேசிய அக்கா சொன்னார்கள். உண்மைதான். பெட்ரோமாக்ஸும் டிரம்முமாகத் தெருத்தெருவாகப் போக முடியாது. வீட்டுக்குள்தான் பாடுகிறோம். லிப்டில் ஏறி, செக்யூரிட்டிக்கு ஒரு துண்டு கேக் கொடுத்து, ஷார்ஜா அல் நஹ்தாவரை காரில் போய், பார்க்கிங் தேடிப் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்குள் அரை ராத்திரி. அரசு விடுமுறை இல்லாததால் பலர் ஆராதனை முடித்த கையோடு சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் இது நமக்குப் புதிதா? 2022 ஜனவரியில் வாராந்திர விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறும்வரை நாம் வெள்ளிக்கிழமையில்தானே ஞாயிறு பள்ளி நடத்தினோம்! தேதியும் கிழமையும் ஒத்துழைக்காவிட்டாலும் நடத்துவதற்கு ஆள் இருந்தது. அந்த ஆட்கள் எல்லாரும் டிசம்பர் இருபதாம் தேதி ஏர்போர்ட்டில் நின்றால் இங்கே யார் நடத்துவது?

இதைத்தான் எதிரணி கடைசிவரை தொடவில்லை. போக முடிந்தவர்களைப் பற்றியே பேசினார்கள். போக முடியாதவர்கள்? சத்வாவில் பெட் ஸ்பேஸில், அதாவது அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து இருக்கும் தம்பிமார், ஆஸ்பத்திரியில் இருபத்தைந்தாம் தேதியும் டியூட்டி பார்க்கும் நர்ஸ் தங்கச்சிமார், அல் கூஸிலும் சோனாப்பூரிலும் தொழிலாளர் கேம்பில் இருக்கும் நம் ஆட்கள். அவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊர், அதுவும் கம்பெனி சொல்லும் மாதத்தில். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் சாப்பாடு.

எங்கள் வீட்டு ஹாலில் அன்றைக்கு நியூஸ்பேப்பர் விரித்துப் பந்தி. ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். ஒரு தம்பி சாப்பிட்டு முடித்ததும் பால்கனிக்குப் போய் வீட்டுக்கு வீடியோ கால் போடுவான். ஊரில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், அவன் அம்மா அதற்குள் தூங்கி எழுந்திருப்பார்கள். “சாப்பிட்டியாப்பா?” என்பார்கள். அவன் போனைத் திருப்பி என் அடுக்களையைக் காட்டுவான். அந்த அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கை கூப்புவார்கள். ஊருக்குப் போயிருந்தால் என் தட்டில் இரண்டு கறித்துண்டு கூடுதலாக விழுந்திருக்கும், அதைத் தவிர எனக்கு என்ன குறைந்துவிட்டது?

நடுவர் ஐயா, மணி அடிக்கக் கையைத் தூக்குகிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில். ஆனால் எதிரணித் தலைவர் இந்த வருஷமும் டிக்கெட் போட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். தாராளமாகப் போகட்டும், அவர் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லட்டும். அவர் வீட்டு ஹால் எங்கள் ஹாலைப் போல இரண்டு மடங்கு. சாவியை மட்டும் இந்த மேடையிலேயே என்னிடம் கொடுத்துவிட்டால், இந்தத் தடவை எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவேன். பாத்திரம் கழுவி வைக்கிற பொறுப்பு என் வீட்டுக்காரருடையது.

நன்றி, வணக்கம்.