மணலுக்கு முன்னால் வந்தவர்கள்

அனைவருக்கும் வணக்கம். நகரத்துப் பொது இடங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்கு மெரினாதான் நினைவுக்கு வருகிறது. அதை விட்டு வேறெங்கும் போகப் போவதில்லை.

இந்த அகன்ற மணல்வெளியை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அது மறித்தது. தெற்கே கரை அகன்றது. ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரித்தது. நாம் கால் புதைத்து நடக்கும் மணல், வடசென்னை இழந்த மணல். 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாப்பாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார்.

காற்று வாங்கப் போட்ட பாதைதான். ஆனால் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர்களைத் திரட்டி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்து நடந்து, ஒரு பகுதிக்குத் திலகர் கட்டம் என்றே பேர் நிலைத்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் ஒரு வாரம் இதே மணலில் உட்கார்ந்தார்கள். இரவில் செல்பேசி வெளிச்சம். பகலில் அவர்களே குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தைச் சரிசெய்தார்கள். வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. காவல் துறை கலைத்த விதத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டம் கூடுவோர் வந்து போகிறவர்கள். நொச்சிக்குப்பத்துக்காரர்கள் அப்படியில்லை. மீனவர்களுக்கு இந்தக் கரை வாசல், பட்டறை, சந்தை எல்லாமே. வலை காய்வதும் படகு ஏறுவதும் இங்கேதான். அவர்கள் குடியிருப்பை ஒட்டி லூப் ரோடு வந்தது. 2023 ஏப்ரலில் அந்தச் சாலையோர மீன்கடைகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி அகற்றத் தொடங்கினார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. சாலைதானே அவர்களிடம் வந்தது? கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவா சாலைக்குப் போனார்? அவர்களுக்கென்று கட்டிய மீன் சந்தைக் கட்டடம் நல்லதுதான். ஆனால் மீன் இறங்கும் இடத்திலேயே விற்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டடத்தை வரைகிறவர் ஒரு நாள் விடியற்காலையில் வந்து அவர்களோடு உட்கார வேண்டும்.

கேட்டுச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் மெரினாவிலேயே சான்று இருக்கிறது. சக்கர நாற்காலி மணலில் உருளாது. மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டார்கள். முதலில் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை கிடைத்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை நிரந்தரமாக வந்தது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்தது, மறுபடி சரிசெய்தார்கள். ஒரு மாலை அங்கே போய் நின்று பாருங்கள். சக்கர நாற்காலிக்குப் பின்னாலேயே குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்களும் முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் அதில்தான் கடலைப் பார்க்கப் போகிறார்கள்.