பானைக்கு ஒரு வாய், நமக்கு?

நடுவர் அவர்களே, பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் மேஜையில் இருக்கும் ஜக்கைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன். குடிக்க அல்ல. என் கையில் இரண்டு ஹிஜாப் இருக்கிறது. ஒன்று நான் தினமும் கட்டும் பருத்தித் துணி, மற்றது ஓடும்போது மட்டும் போடும் மெல்லிய பாலியெஸ்டர். இரண்டையும் முக்கி, நன்றாக உதறி, இந்த நாற்காலியின் முதுகில் போட்டு வைக்கிறேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கிடக்கட்டும்.

“உடற்பயிற்சியின்போது சூட்டை ஏற்றுவது சமயத் தலைமறைப்பா, தவறான துணியா?” இதுதான் இன்றைய கேள்வி. எதிரணித் தலைவர் ஐயா ஓர் உவமை சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள்: “பானையை மூடி போட்டு மூடினால் கொதிக்காமல் என்ன செய்யும்?” அழகான உவமைதான். ஆனால் ஐயா, பானைக்கு ஒரே ஒரு வாய். அதை மூடினால் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. நம் உடம்பில் இருபது லட்சத்துக்கும் மேல் வியர்வைச் சுரப்பிகள். முதுகு, மார்பு, கை, தொடை என்று எங்கு பார்த்தாலும் வாய்தான்! பெரியவர்களுக்குத் தலையும் முகமும் சேர்ந்து மொத்தத் தோல் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் முகம் திறந்துதான் இருக்கிறது.

அவர் அணியில் பேசிய தம்பி, “உடல் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது” என்றார். இது ஒரு பழைய அமெரிக்க ராணுவக் கையேட்டில் 40 முதல் 45 சதவீதம் என்று அச்சாகி, வாய்க்கு வாய் மாறி, இன்று பாதியாக வளர்ந்து நிற்கிறது. 2008-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதைக் கட்டுக்கதைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தலை தன் பரப்புக்கு ஏற்ற அளவில்தான் சூட்டை விடுகிறது, பாதி உடம்பின் வேலையை அது பார்ப்பதில்லை.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்கு அளவுக்குத்தான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் ஆவியானால் ஏறத்தாழ 2.4 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்தால் போன வேலை முடியாத தூதன் மாதிரிதான், ஒரு பயனும் இல்லை. துணியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. நல்ல விளையாட்டுத் துணி அதைப் பரப்பிக் காற்றில் விடுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஓட ஆரம்பித்த புதிதில் இந்தப் பருத்தியைத்தான் இரண்டு சுற்றுச் சுற்றித் தாடைக்குக் கீழே ஊக்குக் குத்தி ஓடினேன். இருபதாவது நிமிடத்தில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. காதுக்குப் பின்னால் நனைந்து கனத்து ஒரு மடிப்பு. வீட்டுக்கு வந்து கழற்றினால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புக் கோடு. “தலைக்குள்ளேயே அடுப்பு எரியுது” என்று அம்மாவிடம் புலம்பினேன். அன்று என்னைக் கூப்பிட்டிருந்தால் எதிரணியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் நடுவர் அவர்களே, சூடாகத் தெரிவது வேறு, சூடாக இருப்பது வேறு. நெற்றியும் முகமும் சூட்டைச் சட்டென்று உணரும் இடங்கள். அங்கே கொஞ்சம் புழுங்கினாலும் உடம்பே வெந்ததுபோல் இருக்கும். முகத்தில் ஒரு கை தண்ணீர் அடித்தால் உயிர் வந்ததுபோல் இருப்பதும் அதனால்தான். உள்ளுடம்பின் வெப்பம் அப்போது அப்படியேதான் இருக்கும். அதை அளக்க ஆய்வகங்களில் மாத்திரை அளவுக் கருவியை விழுங்கச் சொல்வார்கள். சைக்கிள் ஓட்டிகளைச் சூடான சூழலில் தலைக்கவசத்தோடும் இல்லாமலும் ஓட்டவிட்டுப் பார்த்தபோது, உள்ளுடம்பு வெப்பத்தில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் தெரியவில்லை. கெட்டியான கவசத்துக்கே அப்படியென்றால் ஒற்றை மடிப்புத் துணிக்கு என்ன?

என் அணித் தோழர் அரபுப் பாலைவன நாடோடிகளான பெதூயின்களைச் சாட்சிக்கு அழைத்தார். கறுப்பு அங்கியோ வெள்ளை அங்கியோ, தொளதொளப்பாக இருந்தால் தோலுக்குப் போய்ச் சேரும் சூடு ஒன்றுதான் என்று 1980-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அது. ஆய்வு உண்மைதான். ஆனால் அவர்கள் அங்கே ஓடவில்லை, வெயிலில் நின்றார்கள். அந்தச் சாட்சியை நானே திரும்பப் பெறுகிறேன். அதேபோல 2006 ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மூடிக்கொண்டு 200 மீட்டரில் தங்கம் வாங்கியதையும் காட்ட மாட்டேன். சுமார் 23 வினாடியில் முடிகிற ஓட்டத்தில் சூடு ஏற நேரம் ஏது? பதக்கம் தெர்மாமீட்டர் இல்லையே.

தலைமறைப்புக்குத் தடை போட்ட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவைக் கேட்போம். 2011-இல் அம்மானில் ஈரான் பெண்கள் அணியைக் கால்பந்து ஆடவிடாமல் நிறுத்தினார்களே, சூட்டையா காரணம் சொன்னார்கள்? கழுத்து இறுகும் ஆபத்து என்றார்கள். 2014-இல் விதியை மாற்றி ஹிஜாபையும் டர்பனையும் அனுமதித்தபோது போட்ட நிபந்தனைகளும் துணியைப் பற்றியவைதான்: சட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கக் கூடாது, யாருக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது. யூதர்கள் உச்சந்தலையில் வைக்கும் உள்ளங்கை அளவு தொப்பியான கிப்பாவும் தலைமறைப்புதான், பல சுற்று டர்பனும் தலைமறைப்புதான். இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றி ஒரே தீர்ப்புச் சொல்ல முடியுமா ஐயா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காற்றே அசையாத, ஈரப்பதம் ஏறிய நாளில் கழுத்தைச் சுற்றி நாலு மடிப்புப் போட்டு, முழுக்கை, முழுக்காலோடு நீண்ட தூரம் ஓடினால் சூடு ஏறத்தான் செய்யும். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறினால் அது உயிருக்கே ஆபத்து. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உடம்பை மூடியிருக்கும் மீதித் துணியை. தலையைத் தாண்டிக் கழுத்துக்குக் கீழே எதிரணியில் யாருமே பார்க்கவில்லை!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அந்த நாற்காலியில் கிடக்கும் இரண்டையும் எடுங்கள் நடுவர் அவர்களே. முதலில் பாலியெஸ்டரைப் பிழியுங்கள். கை லேசாக நனைகிறது, அவ்வளவுதான். இப்போது பருத்தியை... பார்த்து ஐயா, உங்கள் குறிப்புத் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பிழியுங்கள்.