ஒரு குப்பி கடல் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் அடுக்களையில் இருப்பீர்கள். தேங்காப்பட்டணம், தூத்தூர், நீரோடி, எல்லை தாண்டிப் பொழியூர் என்று எங்கிருந்து கேட்டாலும், நான் பேசவந்த விஷயம் உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. சாளை வாங்கி வந்து, செதில் சீவி, சட்டியில் அலசி, அந்தத் தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றுகிறோம் அல்லவா? மீனை எடுத்த பிறகு சட்டியில் என்ன மிஞ்சுகிறது? கலங்கிய தண்ணீர், நாலைந்து செதில், கையில் ஒட்டுகிற வழுவழுப்பு. அந்தத் தண்ணீரை மட்டும் கொடுத்து, இதில் கிடந்தது சாளையா நெத்தோலியா என்று கேட்டால், இன்றைக்குச் சொல்லிவிட முடியும்.

கடலும் ஒரு வகையில் மீன் அலசிய தண்ணீர்தான். நீந்துகிற ஒவ்வொரு உயிரும் செதிலையும் தோலையும் வழுவழுப்பையும் கழிவையும் முட்டையையும் விட்டுக்கொண்டே போகிறது. அந்தத் துணுக்குகளுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. ஒரு குப்பித் தண்ணீரை எடுத்து, மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதைப் பரிசோதனைக்கூடத்தில் படித்தால், அந்தப் பக்கம் போன உயிர்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். இதற்குச் சூழல் டி.என்.ஏ. என்று பெயர். புரியாத வித்தை என்று நினைக்கவேண்டாம். கொரோனா காலத்தில் நம் எல்லார் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனையும் இதுவும் ஒரே குடும்பம். அங்கே மூக்குச் சளியில் வைரஸைத் தேடினார்கள். இங்கே கடல் தண்ணீரில் மீனைத் தேடுகிறோம்.

2008-இல் பிரான்சு நாட்டுக் குளங்களில், அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய ஒரு பெரிய தவளை இருக்கிறதா என்று தண்ணீரை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். 2012-இல் டென்மார்க் கடலில் அரை அரை லிட்டராக எடுத்த தண்ணீரில் 15 வகை மீன்களின் தடயம் கிடைத்தது. ஜப்பானில் ஒக்கினாவா மீன் காட்சியகத் தொட்டிகளில், உள்ளே என்னென்ன மீன் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த தண்ணீரில் சோதித்துப் பார்த்தார்கள். 180 வகையில் 168 வகை பட்டியலில் வந்தது. அது 2015-இல் வெளியான ஆய்வு. மீதி 12 வரவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

இப்போது எங்கள் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனவள். பெரியப்பா அறுபது வயதைத் தாண்டியும் வள்ளத்தில் தூண்டிலுக்குப் போனவர். கரையில் தெரிகிற மலையையும் குருசடியையும் ஒரு கோட்டில் நிறுத்தி, கடலுக்குள் பார், அதாவது மீன் தங்கும் பாறைத்திட்டு, எங்கே கிடக்கிறது என்று பிசகாமல் போய் நிற்பார். நின்றதும் கையைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைப்பார். அப்புறம் மோந்து பார்ப்பார். சாளைக் கூட்டம் போன தண்ணீரில் எண்ணெய் மினுக்கம் இருக்கும், வாசம் இருக்கும் என்பார். சிறுபிள்ளையில் அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிற்பாடு யோசித்தால், தண்ணீரைப் பார்த்து மீனைச் சொல்வதைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் வள்ளத்தில் நானும் தண்ணீர் எடுக்கப் போனேன். பிளீச்சிங் கரைசலில் கழுவி உலர்த்திய குப்பிகள், புதுக் கையுறை, ஐஸ் பெட்டி எல்லாம் என்னோடு. பெரியப்பா இரைக்குச் சாளை துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் குப்பியை முக்கப் போகும்போது வள்ளம் சாய்ந்தது. அவர் பாசத்தோடு எட்டி என் குப்பியைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் குப்பியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

“ஏன் மோளே, நான் தொட்டா தீட்டா?” என்று கேட்டார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. “அப்படி இல்ல பெரியப்பா, ஒங்க கையில இரைச் சாளை இருக்கு. குப்பியில அது ஒட்டினா, கடல்ல சாளை இல்லாட்டாலும் சாளை இருக்குன்னு முடிவு வரும்” என்றேன்.

கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் இடுக்கில் நாலு செதில் மினுங்கியது. “அப்பம் எங் கையில இருக்கிய சாளையும் கணக்குல கேறிரும், இல்லியா?” என்றார். அவ்வளவுதான். இதே விஷயத்தை என் மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்புகள் பிடித்தன. அடுத்த முறை போனபோது, வள்ளம் பாரில் நின்றதும், “மொதல்ல ஒன் தண்ணிய எடு. பெறகுதான் இரைப்பெட்டிய நான் தொறப்பேன்” என்று காத்திருந்தார்.

பட்டியல் வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அயிலை, நெத்தோலி, வாளை, சூரை, கிளாத்தி. கலவா என்றதும் நிமிர்ந்தார். அந்தப் பாரில் இரண்டு வருஷமாக அவர் தூண்டிலில் கலவா ஏறவில்லை. “எத்தன நிக்கு?” என்று கேட்டார். அது தெரியாது என்றேன். “பெருசா, குஞ்சா?” தெரியாது. “அங்கயே நிக்கா, இல்ல ஒழுக்குல வந்த தண்ணியா?” அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். கடைசியில், “பேரு மட்டும் சொல்லும், மத்தத நான்தான் போய்ப் பாக்கணும்” என்றார்.

நேயர்களே, இந்த முறையின் பலமும் குறையும் அந்த உரையாடலிலேயே இருக்கின்றன. பெயரைச் சொல்லும். எண்ணிக்கையைச் சொல்லாது, வயதைச் சொல்லாது, உயிரோடு இருந்ததா செத்ததா என்பதையும் சொல்லாது. கடல் தண்ணீரில் இந்தத் துணுக்குகள் சில நாளில் சிதைந்துவிடும். நம் கடல்போன்ற சூடான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். அதனால் கிடைப்பது அண்மைச் செய்திதான். ஆனால் நீரோட்டம் அதற்குள் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் எடுத்த தண்ணீரில் திலேப்பியாவும் கோழியும் வந்தன. கோழி கடலில் நீந்தவில்லை, ஊர்க்கழிவோடு ஆற்றில் வந்தது. அதைக் கழித்துப் படிக்கத் தெரியவேண்டும்.

சரி, இவ்வளவு குறை இருக்கும்போது எதற்காக இதை விடாமல் பேசுகிறேன்? நம்மிடம் இருக்கும் கணக்கு கரைக்கு வந்த மீனின் கணக்கு மட்டுமே என்பதால்தான். கொச்சியில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பல பத்தாண்டுகளாக இறங்குதளங்களில் நின்று எடுக்கிற கணக்கு அருமையான வேலை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கேரளத்தில் 2012-இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி, அதாவது நம் சாளை, கரைக்கு வந்தது. 2021-இல் 3,297 டன். இந்தச் சரிவு தெரிவதே அந்தக் கணக்கால்தான். ஆனால் வலை போகாத இடத்தையும் வலை போகாத நாளையும் பற்றி அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

வலை போகாத நாளைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு தடைக்காலம். கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 52 நாள். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். மீன் முட்டையிடட்டும் என்றுதான் இந்தத் தடை. அதற்காக எத்தனை வீட்டில் அடுப்பு மெலிகிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்படி விட்டுக்கொடுத்த அறுபத்தொரு நாளில் கடலுக்குள் எந்த மீன் கரையோரம் வந்தது, எது வரவில்லை என்று யாராவது பார்த்தோமா? நாட்டு வள்ளங்கள் தடைக்காலத்திலும் போகின்றன. வாரம் ஒரு குப்பித் தண்ணீர் எடுத்துவர ஒரு வள்ளம் போதும். கடல் மூர்க்கமாக இருந்தால் கரையிலிருந்தே எடுக்கலாம். நான் எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்: படகு ஓய்கிற நாளில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும்.

இன்னொரு காரியம் சிப்பி. மரச்சீனிக் கிழங்கும் சிப்பியும் நம் ஊர்ச் சாப்பாடு. குளச்சல், இனயம், கடியப்பட்டணம் பக்கம் பாறையில் முங்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை! தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு கருஞ்சிப்பி கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் பரவிவிட்டது. சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பரவி, அங்குள்ள மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரே வைத்துவிட்டார்கள். சேற்றின்மேல் ஜமுக்காளம் விரித்ததுபோல் மூடிவிடும். அதற்குக் கீழே இறால் தங்க இடம் இருக்காது. இப்படிப்பட்ட உயிர்கள் ஊர்விட்டு ஊர் வருவதற்குக் கப்பல் ஒரு பெரிய வழி. கப்பல் சாயாமல் நிற்க வயிற்றில் கடல் தண்ணீரை ஏற்றும், வேறு துறைமுகத்தில் அதை இறக்கும். அந்தத் தண்ணீரில் சிப்பிக்குஞ்சு மிதக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பாறையில் ஒட்டி, வளர்ந்து, நாம் பார்க்கிறபோது காலம் கடந்திருக்கும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. நீரோடியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பெரிய பெரிய கப்பல்கள் வருகின்றன. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இப்போது நான் போகவில்லை. அந்தச் சிப்பியின் தடயம் தண்ணீரில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரே ஒரு இனத்தைத் தேடும் பரிசோதனை போதும், செலவும் குறைவு. குஞ்சாக மிதக்கும்போதே அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது இந்த முறை.

துறைமுகம் திறந்த அதே மாதம், மே 25 அன்று, கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. அரிசிமணி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை நம் கரைவரைக்கும் வந்து ஒதுங்கியது. நானும் கை நிறைய அள்ளினேன். அப்போது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: மீனுக்கு என்ன ஆகும்? முன்பு என்ன இருந்தது என்று ஒரு குப்பித் தண்ணீராவது எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஏப்ரல் மாதத் தண்ணீரை ஜூன் மாதம் போய் எடுக்க முடியாதே! வடிதாளை உறையவைத்து வைத்திருந்தால், பல வருஷம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். தண்ணீரில் கிடைத்த டி.என்.ஏ. எந்த மீனுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேரேடு வேண்டும். இன்றைக்கு நம் மீன்களின் டி.என்.ஏ. பேரேடு முழுமையாக இல்லை. பேரேட்டில் இல்லாத மீன் தண்ணீரில் இருந்தாலும் பெயர் வராது. பேரேட்டில் இருந்த மீன்களிலேயே ஒக்கினாவாவில் 12 வகை விட்டுப்போனது என்றேனே, நம் கடலில் இன்னும் கூடுதலாக விட்டுப்போகும். பேரேடு வளர வளர, பழைய வடிதாளிலிருந்தே புதுப் பெயர்கள் கிடைக்கும். ஆகவே படிப்பதற்குப் பணம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்து வைக்கத் தொடங்கவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். அரசு முறையாக இதை எப்படி ஏற்பது என்று விரிவாகச் சொல்ல வந்தேன், சுருக்கிவிடுகிறேன். தமிழ்நாடும் கேரளமும் ஒரே அளவுக் குப்பி, ஒரே வடிதாள், ஒரே பதிவுமுறை வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் நீரோடிக் கணக்கையும் பொழியூர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. நடுவில் இருக்கும் எல்லைக்கல் மீனுக்குத் தெரியாது. ஐரோப்பிய நாடுகள் தண்ணீர் எடுக்கும் முறைக்கு 2023-இல் ஒரு பொதுத் தரம் வகுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் பல்லிபோல் இருக்கும் ஒரு வகைக் குளத்து உயிருக்கு இந்தப் பரிசோதனையை 2014 முதல் அரசே சான்றாக ஏற்கிறது. ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீர் நிரப்பிய ஒரு குப்பியையும் கூடவே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சோதிக்கவேண்டும். அதில் மீன் பெயர் வந்தால் தவறு நம் கையில். தண்ணீர் எடுக்கும் மீனவருக்கு நாள் கூலி கொடுக்கவேண்டும், முடிவை அவருக்கு முதலில் தமிழில், மலையாளத்தில் வாசித்துக் காட்டவேண்டும். இதைப் பற்றி இன்னும் பேச ஆசை, நேரம் இல்லை.

வரும் ஜூன் 1 அன்று, மேற்குக் கரையில் படகுகள் கட்டும் நாள், காலை ஆறு மணிக்குத் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மாணவர்களோடு முதல் குப்பி எடுக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் வாருங்கள். இரை தொட்ட கையாக இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். வணக்கம்.