வயிற்றை எரிக்காத குளிசை என்றால் பயமில்லையா?

வணக்கம் உறவுகளே. காற்றுச் சத்தம் கேட்டால் மன்னியுங்கள், இரணைமடு வாய்க்கால் கரையில் நின்றுதான் கதைக்கிறேன். முழங்கால் நோ, நாரி நோவுக்கு எல்லாரும் போடுகிற குளிசை பற்றித்தான் இன்றைக்கு.

இதைப் பாருங்கள், கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன். பாமசியில் தந்த சின்னக் கடதாசி உறை. "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதியிருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை. உள்ளே இருக்கிற அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயரும் பாதியில் போய், "கொக்சிப்" என்ற வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. "வயிற்றை எரிக்காது தம்பி" என்று சொல்லி அயலுக்கெல்லாம் பங்கு வைக்கிறா.

ஆச்சி சொல்வது பொய்யில்லை. கொக்ஸ் என்ற நொதியம் உடம்பில் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனப் பொருளை உண்டாக்குகிறது, நோவும் வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான் வருகின்றன. அஸ்பிரின் இந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று விஞ்ஞானி ஜோன் வேன் 1971இல் காட்டினார், அதற்கு 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். பிறகு 1990களின் தொடக்கத்தில்தான் கொக்ஸில் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. கொக்ஸ்-1 வயிற்றின் உட்சுவரைக் காக்கும், இரத்தம் உறையவும் உதவும். கொக்ஸ்-2 பெரும்பாலும் வீங்கின இடத்தில் தலைதூக்குவது. இபுபுரோபன், நப்ரொக்சன் மாதிரி வழமையான நோக்குளிசைகள் இரண்டு கொக்ஸையும் அமத்தும். ஆச்சியின் அட்டையில் வால் தெரிகிற கொக்சிப் வகை, அதாவது செலிகொக்சிப், எட்டோரிகொக்சிப் முக்கியமாக கொக்ஸ்-2ஐ மட்டும். அதனால் அல்சர் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், இதயத்துக்கென்று தினமும் அஸ்பிரின் போடுகிறவருக்கு அந்த லாபமும் பெரும்பாலும் போய்விடும்.

சரி, வயிறு தப்பியது. நெஞ்சு? வயொக்ஸ் என்ற பெயரில் 1999இல் வந்த, இதே வகையான ரொஃபெகொக்சிப்பை, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று ஆய்வில் தெரிந்ததும், 2004 செப்டம்பரில் மேர்க் நிறுவனமே உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது. இரத்தக்குழாயில் உறைவைத் தடுக்கிற புரொஸ்டாசைக்கிளின் கொக்ஸ்-2ஆல் வருவது, உறையவைக்கிற திரொம்பொக்சேன் கொக்ஸ்-1ஆல் வருவது. புரொஸ்டாசைக்கிளினை மட்டும் அடைத்தால் தராசு சாயத்தானே செய்யும்? செலிகொக்சிப் அவ்வளவு மோசமில்லை. 24,000 பேருக்கு மேல் பங்கெடுத்து 2016இல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில், மிதமான அளவில் அது இபுபுரோபனையும் நப்ரொக்சனையும் விட இதயத்துக்குக் கூடுதல் ஆபத்தாகத் தெரியவில்லை. எட்டோரிகொக்சிப் பிரஷரை ஏற்றும், 140/90க்கு மேலேயே நிற்கிற ஆளுக்கு அது ஆகாது. ஆச்சியிடம் பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன், கிளினிக்குக்கே போகவில்லையாம்.

எனக்கு உண்மையில் பெரிய பயம் சிறுநீரகம்தான். வவுனியாப் பக்கத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்று, பிரஷர் குளிசையும் சலம் போகிற குளிசையும் எடுத்து, அதற்கு மேல் இதையும் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும், ஒரு இடமும் நோகாது. இந்தக் குளிசைக்காரர் வருசத்துக்கு ஒருக்காவாவது இரத்தம் சோதிக்கக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, முடக்குவாதக்காரருக்கு. காலையில் எழும்பி அரை மணித்தியாலத்துக்கு மேல் விரல்கள் விறைத்தே நின்றால் பாமசியோடு நிற்காதீர்கள். இந்தக் குளிசை நோவை அடக்கும், மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. அதற்கு மெதோட்ரெக்சேட் மாதிரி வேறு மருந்து, டொக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்.

அப்புறம், மாரி தொடங்கப் போகிறது. காய்ச்சலோடு உடம்பு முறிகிறது என்று அலுமாரியில் கிடக்கிற நோக்குளிசையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். டெங்குவோ எலிக்காய்ச்சலோ தெரியாது, பரசிற்றமோல் மட்டும் அளவோடு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைக் காட்டுங்கள்.