அதிகாரம் போனது, போதனை போகவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே! “அரசின்மைவாதிகளின் சிறார் நூல்கள் குழந்தைக்குத் தந்தது விடுதலையா, வேறொரு போதனையா?” என்பது தலைப்பு. அரசும் அதிகாரமும் வேண்டாம் என்பவர்களே அரசின்மைவாதிகள். போதனைதான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பார்சிலோனாவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஸ்பெயினின் அந்த நகரில்தான் 1901-இல் அரசின்மைவாதக் கல்வியாளர் பிரான்சிஸ்கோ ஃபெரர் ‘நவீனப் பள்ளி’யைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 30 பேர். 18 பையன்கள், 12 பெண்பிள்ளைகள், ஒரே வகுப்பில். தேர்வில்லை, பரிசில்லை, தண்டனையில்லை. எல்லாம் உண்மை. ஆனால் ஐயா, நீங்கள் பேசியது பள்ளிக்கூடத்தை! தலைப்பு கேட்பது புத்தகத்தை.

அதைத் திறப்போமா? தகுந்த நூல் ஒன்றுகூட ஃபெரருக்குக் கிடைக்கவில்லை. நூலகம் காலியாகத்தான் இருந்தது. முதலில் வந்தது ழான் கிராவ் பிரெஞ்சில் எழுதிய ‘நோனோவின் சாகசங்கள்’. கட்டளையிட ஆளில்லாத ஆட்டோனமி நாட்டுக்குச் சிறுவன் நோனோ போகிறான். பிறகு ஏமாந்து, பணம் ஆளும் நாட்டில் மாட்டுகிறான். அந்த ராஜா பெயர் மொன்னாயுஸ், பேரிலேயே காசு. ஆட்டோனமியில் வரவேற்பவள் சாலிடேரியா, பேரிலேயே தோழமை. வாய் திறக்கும் முன்பே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எழுதி ஒட்டியாயிற்று. குழந்தை எடைபோட என்ன மிச்சம்? நல்ல நாடு, சபலம், கெட்ட நாடு: இது பழைய சமயப் பாடக் கதையின் எலும்புக்கூடு, சட்டைதான் புதிது.

கணக்குப் பாடத்தையாவது ஃபெரர் விட்டாரா? கூலி, சேமிப்பு, லாபம் பற்றிய கணக்குகளே கூடாது. விளைச்சல், போக்குவரத்து, பொருள்களை நியாயமாகப் பங்கிடுவது, இவற்றில்தான் கணக்கு வரவேண்டும் என்று கேட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் கடைக்குப் போகும் பிள்ளை லாபக் கணக்கு போடத் தெரியாமல் அந்த லாபத்தை எப்படிக் கேள்வி கேட்கும்?

விடுதலை வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஸ்டெல்டனைப் பாருங்கள். 1915 முதல் 1953 வரை நியூஜெர்சியில் நடந்த அதே மரபுப் பள்ளி. அங்கே பிள்ளைகளே எழுதி, அச்சுக் கோத்து, இதழ் போட்டார்கள். ஈய எழுத்தைத் தலைகீழாக, ஒவ்வொன்றாகக் கட்டையில் அடுக்க வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் வரியைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். வேண்டாத வாக்கியத்துக்கு எந்தப் பிள்ளை இவ்வளவு மெனக்கெடும்? அங்கே நின்றது பிள்ளை சொல்ல நினைத்தது. நோனோவில் நின்றது பெரியவர் சொல்ல நினைத்தது. அடுத்து வரும் எதிரணி நண்பர் இந்த இரண்டாவதை விடுதலை என்று நிறுவிவிட்டு உட்காரட்டும்!